ஆயிரம் ரூபாய்ச் சலானும் விளிவேற்றுமையும்: ஒரு நுண்ணாய்வு

0. ஆய்வுச் சுருக்கம்

தலைக்கவசம் அணியாமல் வண்டி ஓட்டியதாக வந்த சலானை எதிர்த்து, வக்கீல் வைக்காமல், நேரில் போய் நின்று வாதாடும் தமிழ் மரபை இக்கட்டுரை ஆராய்கிறது. இத்துறையில் முன்னாய்வுகள் எவையும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் எனக்கு முன்பே ஒருவர் முட்டாளாகியிருப்பார். அவரை மேற்கோள் காட்டிவிட்டு நான் தப்பித்திருப்பேன். கலைச்சொற்கள்: சலான், வாய்தா, டவாலி, ஆஜர், அப்பா.

1. முன்னுரை

மனிதன் ஒரு சமூக விலங்கு. (இந்த வாக்கியத்தில் தொடங்காத ஆய்வேட்டை நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று கேள்வி.) அவன் வண்டி ஓட்டுகிறான். ஓட்டுகையில் மாட்டுகிறான். மாட்டியவன் இருவகைப்படுவான்: கட்டுவோன், கட்டாதோன்.

கட்டுவோனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கட்டிவிட்டான்.

கட்டாதோன் மூவகை: மறந்தோன், மறுத்தோன், டிபார்ட்மென்ட்டில் மாமா உள்ளோன். மூன்றாமவன் சட்டத்துக்கு அப்பாற்பட்டவனாதலின் இவ்வாய்வுக்கும் அப்பாற்பட்டவன். மறுத்தோன் மேலும் இருவகை: வக்கீல் வைத்து மறுத்தோன், வையாது மறுத்தோன். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு வக்கீல் வைத்தவனை நான் களத்தில் காணவில்லை. அப்படி ஒருவன் இருந்தால் அவன் வக்கீலாக இருப்பான். ஆக எஞ்சிய உட்பிரிவில் எஞ்சியிருப்பது நான் ஒருவன்தான்.

ஒரே ஒருவனை வைத்து ஆய்வு செய்யலாமா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஆசிரியரிடமே தொலைபேசியில் கதைச்சுருக்கம் கேட்டு எழுதி, முந்நூறு பக்க ஆய்வேடு சமர்ப்பித்து, முனைவராகி, இப்போது மற்றவர் ஆய்வேடுகளைத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு என் தரவாவது முழுசாகத் தெரியும். அது நான்தான்.

இக்கட்டுரையில் எடுத்தாளப்படும் உரையாசிரியர்கள் நால்வர். நீதிமன்ற வாசலில் கடை போட்டிருக்கும் டீக்கடையார். அவருக்கு அடுத்த கடையில் முப்பது ஆண்டுகளாக வழக்குக் கட்டுகளை நகலெடுத்து, எடுக்கும்போதே படித்துவிடும் ஜெராக்ஸ் கடையம்மையார். வேப்பமரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்து மனு அடித்துத்தரும் மரத்தடியார். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற, இதுவரை பதினோரு சலான் கண்ட நீலச்சட்டையார். நால்வருள் சட்டம் படித்தவர் ஒருவருமில்லை. சட்டம் தெரியாதவரும் ஒருவருமில்லை.

2. வரலாற்றுப் பின்புலம்

வக்கீல் இல்லாமல் வாதாடி வென்றவள் கண்ணகி என்று எல்லோரும் சொல்வார்கள். அது திருட்டு வழக்கு. நம் துறையில் சேராது. போக்குவரத்து வழக்கில் வக்கீல் வைக்காமல் நேரில் ஆஜரான முதல் வாதி, திருவாரூரில் மணியடித்த பசு. தேரோட்டி வந்தவன் இளவரசன். இறந்தது கன்று. நேரடி சாட்சி இருந்ததா, தேருக்கு எண் பலகை இருந்ததா என்பவை விவாதத்துக்குரியன. ஆனால் அந்தப் பசு ஸ்டாம்பு ஒட்டவில்லை, மூன்று நகல் எடுக்கவில்லை, வாய்தாவும் வாங்கவில்லை. ஒரே நாளில் தீர்ப்பு. அதைச் சொன்ன மனுநீதிச் சோழனுக்கு இன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. பசுவுக்குத் தனியே சிலை கேட்டு இதுவரை எந்தக் கருத்தரங்கிலும் தீர்மானம் வரவில்லை.

‘அது புகார்தாரர், நீங்க எதிரி, ரெண்டும் ஒண்ணா?’ என்று இவ்விடத்தில் மறுப்பார் ஜெராக்ஸ் கடையம்மையார் (அம்மையார் உரை, ஒரு பக்கம் இரண்டு ரூபாய், முன்பின் எடுத்தால் மூன்று). ஏற்கத்தக்க மறுப்பே.

எதிரியாக நின்றவர்களில் நமக்கு முன்னோடி சுந்தரர். கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து ‘நீ எனக்கு அடிமை’ என்கிறார். ஆதாரம் ஓர் ஓலை. சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையில் வழக்கு நடக்கிறது. கிழிந்தது நகல்தான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். சபையார் பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பாட்டன் எழுதிக்கொடுத்தது பேரனைக் கட்டும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். வக்கீல் வைக்காமல் வாதாடிய சுந்தரர் தோற்றார். எதிர்த்தரப்பு இறைவன் என்பதால் மேல்முறையீடும் இல்லை.

இந்த வழக்கிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, நகலைக் கிழிப்பதால் பயனில்லை. இரண்டு, முன்னோர் பெயர் ஒரு நாள் நீதிமன்றத்தில் உங்களைத் தேடி வரும். இரண்டாவதை நான் அப்போது கவனிக்கவில்லை. அது ஆறாம் இயலில் வரும்.

3. சட்டப் பின்புலம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் பிறந்தது. 2019இல் அதற்குப் பெரிய திருத்தம் வந்தது. தலைக்கவசத்துக்கு நூறு ரூபாய் கட்டிவந்த நாடு ஆயிரம் கட்டலாயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் புதிய தொகை 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டைத் தமிழ்நாட்டு மண்டையின் பொற்காலம் என்று நீலச்சட்டையார் குறிப்பிடுகிறார்.

ஆயிரம் போனால் போகட்டும் என்று கட்டிவிட்டிருப்பேன். ஆனால் 194டி என்னும் பிரிவு ஆயிரத்தோடு நிற்கவில்லை; ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு என்கிறது. செய்யாத குற்றத்துக்கு மூன்று மாதம் ஷேர் ஆட்டோவில் தொங்குவதா என்ற மானப் பிரச்சினையே இவ்வாய்வின் கருதுகோள்.

இச்சட்டத்தில் ஆய்வாளர் கண்ணில் இதுவரை படாத மாணிக்கங்கள் உள. 208ஆம் பிரிவைக் காண்க. சிறு குற்றங்களுக்குச் சம்மன் பெற்றவர் நேரிலோ வக்கீல் மூலமோ வரலாம். வர விருப்பமில்லையேல், நீதிமன்றம் குறிக்கும் தொகையை மணியார்டரில் அனுப்பி, குற்றத்தை அந்த மணியார்டர் கூப்பனிலேயே ஒப்புக்கொள்ளலாம். மணியார்டர் கூப்பன் என்பது ஒரு தனி இலக்கிய வகை. அந்த விரற்கடை இடத்தில் மகன் அம்மாவுக்கு எழுதினான், புருஷன் பெண்டாட்டிக்கு எழுதினான். நீதித்துறை நடுவருக்கு எழுதுவது எப்படியிருக்கும்? ‘இங்கு யாவரும் நலம். அங்கு நலமறிய ஆவல். சிவப்பு விளக்கைத் தாண்டியது மெய்தான். மற்றவை நேரில்.’ இவ்வகைக் கூப்பன்கள் தொகுக்கப்பட்டால் தமிழ்க் கடித இலக்கியத்துக்கு ஒரு புதிய பகுதி கிடைக்கும். அந்தக் காகித மணியார்டரை அஞ்சல் துறை 2015இல் நிறுத்தி மின் மணியார்டருக்கு மாறிவிட்டது. இலக்கிய வகையொன்று எழுதப்படாமலே அழிந்தது.

சட்டத்தை அமலாக்கும் அதிகாரியே சட்டத்தை மீறினால் இரட்டிப்பு அபராதம் என்கிறது 210பி. இப்பிரிவுக்கு உரை எழுத எவரும் முன்வரவில்லை.

4. மூலபாட ஆய்வு

2024 ஆகஸ்டில் நடந்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு நாற்பத்தோராம் நாள் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இணையத்தில் போய்ப் பார்த்தேன். ஒரு படம். படத்தில் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுபவர் தலையில் ஒன்றுமில்லை. பின்னால் ஓர் அம்மாள். மடியில் ஒரு பிரஷர் குக்கர். குக்கருக்கு மூடி இருந்தது. அந்த வண்டியிலேயே கவசம் அணிந்திருந்தது அது ஒன்றுதான்.

என்னிடம் இருப்பது தண்ணீர் கேன் வைக்கக் கம்பி கட்டிய மொபெட். எனக்குப் பெண்டாட்டி உண்டு. ஆனால் அவள் என் வண்டியில் ஏறுவதை நிறுத்திப் பல ஆண்டு ஆகிறது. எங்கள் வீட்டு குக்கர் சமையற்கட்டை விட்டு வெளியே போனதில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். எண் பலகையின் கடைசி இலக்கம் எட்டு. எட்டின் இடப்பக்கத்தைச் சேறு தின்றிருந்தது. மீந்ததை கேமரா மூன்று என்று வாசித்திருக்கிறது. மூன்று என்னுடையது.

தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. இதற்குப் பெயர் பாடபேதம். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடமாட்டார்கள். நெடிலுக்கான காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். போதாக்குறைக்குச் செல் அரித்திருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. ஒரு சொல்லுக்காக ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தார். ஏடெழுதியவர் ஒன்று எழுத, செல் ஒன்று தின்ன, படித்தவர் வேறொன்று வாசித்ததே நம் இலக்கிய வரலாற்றில் பாதி. செல்லுக்குப் பதில் சேறு, ஏடு படிப்பவருக்குப் பதில் கேமரா என்று கொண்டால் என் சலான் ஒரு செம்மொழிப் பிரதி.

எனவே அதைப் பதிப்பித்தேன். எட்டு என்பது உண்மைப் பாடம், மூன்று பிழைப் பாடம் என்று நிறுவி, சேற்றின் பரப்பைக் கோடு போட்டு அளந்து, ‘சேறுண்ட எட்டு’ என்று தலைப்பிட்டு ஒன்பது பக்கம். மரத்தடியார் அடித்துக்கொடுத்தார். ‘மூணுக்கு வயிறு ரெண்டுதான் சார், ஆனா முதுகு கிடையாது; எட்டுக்கு முதுகு உண்டு. இத எழுதிக்குங்க’ என்றது அவர் தந்த நுட்பம் (மரத்தடியார் உரை, நான்காம் தாள், ரிப்பன் மங்கிய இடத்துக்குக் கீழே, காக்கை எச்சத்துக்கு இடப்புறம்). எழுதிக்கொண்டேன்.

பாடபேதத்தோடு விட்டிருக்கலாம். ஆய்வாளன் விடுவானா? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்று. 2021 ஆகஸ்டில் சேர்த்தது. கேமரா பிடித்த குற்றத்துக்குப் பதினைந்து நாளில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது. எனக்கு வந்தது நாற்பத்தோராம் நாள். அதற்கு ஆறு பக்கம். கேமராப் படம் மின்னணு ஆவணம். அதற்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய சாக்ஷிய அதினியம் வந்து, 63 ஆகிவிட்டது. வக்கீல்களே அப்போது வளாகத்தில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் விரல்விட்டுக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். புதிய சட்டங்களின் பெயரைத் தடுமாறாமல் உச்சரித்தவர் நான் பார்த்தவரை டீக்கடையார் ஒருவரே. சான்றிதழுக்குப் பதினொரு பக்கம். மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள உருவ வேறுபாட்டுக்குப் படத்தோடு ஏழு. குக்கருக்கு ஒன்று. அட்டையும் நன்றியுரையும் சேர்த்து மொத்தம் முப்பத்தாறு பக்கம், மூன்று நகல். ஜெராக்ஸ் கடையம்மையாருக்குக் கொடுத்தது இருநூற்றுப் பதினாறு ரூபாய். மரத்தடியாருக்கு எழுநூற்று இருபது. கூட்டிப் பார்க்க வேண்டாம். நான் பார்த்தேன்.

காலத்தைப் பற்றி ஒரு கிளைக்குறிப்பு. சலானில் குற்றம் நடந்த நேரம் நொடிவரை அச்சாகியிருந்தது. தொல்காப்பியர் காலத்தை ஆளுக்கு ஒரு நூற்றாண்டாகப் பிடித்திழுத்து, முன்னும் பின்னுமாக ஆயிரம் ஆண்டுக்கு மேல் நகர்த்திவைத்திருக்கும் நம் அறிஞர் பெருமக்கள் இந்த நேர முத்திரையைக் கண்டால் ஏங்கிப்போவார்கள். ஆனால் ஒன்று: நொடி சரி, ஆள் தவறு. அவர்களுக்கு ஆளாவது சரியாக இருக்கிறது.

5. காத்திருப்பு

இணைய நீதிமன்றத்தில் ‘கட்டுகிறேன்’, ‘எதிர்க்கிறேன்’ என்று இரண்டு தேர்வுகள். எதிர்த்தேன். வழக்கு, பெஞ்சும் மின்விசிறியும் உள்ள நிஜ நீதிமன்றத்துக்குப் போயிற்று. (எந்த நீதிமன்றம் என்பதை ஆய்வு அறம் கருதிச் சொல்வதற்கில்லை.) இரண்டு வாய்தா. வாய்தா என்னும் உருதுச் சொல்லின் மூலப்பொருள் ‘வாக்குறுதி’. இதற்குமேல் உரை தேவையில்லை.

6. விளிமரபு

இவ்வியலே இவ்வாய்வின் உயிர்நிலை. ஏனையவற்றை அவசரக்காரர் விட்டுவிடலாம்.

தமிழில் வேற்றுமை எட்டு. எட்டாவது விளி, அதாவது ஒருவரைக் கூப்பிடுவது. தொல்காப்பியம் இதற்குச் சொல்லதிகாரத்தில் ‘விளிமரபு’ என்று ஒரு தனி இயலையே ஒதுக்கியிருக்கிறது. எந்த ஈற்றுப் பெயர் விளிக்கும்போது எப்படித் திரியும், எது திரியாது, பக்கத்தில் நிற்பவரை எப்படி அழைப்பது, தொலைவில் இருப்பவரை எப்படி அழைப்பது என்றெல்லாம் விதி உண்டு. இவ்வியலைக் கல்லூரியில் படித்தபோது, கூப்பிடுவதற்கு எதற்கு இலக்கணம் என்று தோன்றியது. டவாலியைக் கேட்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் டவாலி. அது ஆளின் பெயரன்று. அவர் தோளுக்குக் குறுக்கே அணியும் பட்டையின் பெயர். பட்டையின் பெயர் பட்டையணிந்தவருக்கு ஆகி வந்தது ஆகுபெயர். நடுவர் எழுந்தால் எல்லோரையும் எழுப்புபவர், பேசினால் ‘உஸ்’ என்பவர், வாசற்படியில் நின்று பெயர் கூப்பிடுபவர் அவரே. அவர் மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் பிடியாணை போகலாம். ஆகவே உலகிலேயே தண்டனையோடு கூடிய ஒரே வேற்றுமை எட்டாம் வேற்றுமைதான். இரண்டாம் வேற்றுமையில் தவறினால் மதிப்பெண் குறையும். இதில் தவறினால் போலீஸ் வரும்.

டவாலியின் விளி முப்பகுதியுடையது. முதல் விளி அண்மை விளி. நீதிமன்ற அறைக்குள் இருப்போரை நோக்கி, பெயர் உள்ளபடியே, சற்றுச் சலிப்போடு. இரண்டாம் விளி வாசற்படி விளி. பெயரின் முதல் நெடில் அளபெடுக்கும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, அளபெடைக்கு மூன்று என்பது இலக்கணம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். நான் விரலை நொடித்து அளந்தேன். டவாலியின் இரண்டாம் விளியில் நெடில் ஐந்து மாத்திரைக்குப் போகிறது. (பக்கத்திலிருந்த ஏட்டையா ‘என்ன சார், கோர்ட்டுல சொடக்குப் போடுறீங்க’ என்று கண்டித்ததால் அளவீடு அதற்குமேல் தொடரவில்லை.) மூன்றாம் விளி சேய்மை விளி. வராந்தா, படிக்கட்டு, வேப்பமரம், டீக்கடை ஆகிய நால்நிலத்தையும் அளாவிச் செல்வது. தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது ஓசை தன் அளவைக் கடந்து நீளும் என்று அன்றே சொன்னவர்கள், டவாலியைக் கேட்டபிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். ‘மூணாவது கூப்பாடு பாய்லர் வரைக்கும் கேக்கும், கேட்டதும் பாதி டீயை வச்சிட்டு ஓடுவாங்க. அந்தப் பாதி டீக்கும் காசு உண்டு’ என்பது இதற்கு டீக்கடையார் தரும் உரை (டீக்கடையார் உரை, இரண்டாம் டம்ளர், ஆடை படிந்தபின், மூன்றாம் மிடறுக்கும் நான்காம் மிடறுக்கும் இடையே, மாஸ்டர் சில்லறைக்குக் குனிந்த தறுவாயில்).

சிக்கல், பெயரில் இருக்கிறது. வழக்குப் பட்டியலில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்று. லகர ளகரம் ஒன்று. னகரம் ணகரம் ஒன்று. ஆகவே டவாலி, புள்ளியில்லாச் சுவடியைப் படிக்கும் பதிப்பாசிரியர் நிலையில் இருக்கிறார். ஆனால் பதிப்பாசிரியர் ஒரு சொல்லுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். டவாலிக்குக் கால் நிமிடம்கூடக் கிடையாது. அன்று ஒரு வேலன் வெலன் ஆனார், ஒரு பாலன் பலன் ஆனார், ஒரு மல்லிகா மாலிகா ஆனார். எல்லோரும் மூன்றாம் விளிக்குள் தம்மை அடையாளம் கண்டு ஓடி வந்தார்கள். நீலச்சட்டையார் மட்டும் முதல் விளியிலேயே போய் நின்றார். ‘நம்ம பேரு மாதிரி ஏதாச்சும் காதுல விழுந்தா எந்திரிச்சிடணும் சார். தப்பா இருந்தா உக்காரச் சொல்வாங்க, அவ்ளோதான். எந்திரிக்காட்டிதான் தப்பு’ (நீலச்சட்டையார் உரை, பதினோராம் சலான், பாயிரம்). தமிழ்க் கல்வியுலகில் பதவி உயர்வு பற்றி எழுதப்பட்டவற்றுள் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

நான் காலை பத்தரையிலிருந்து அமர்ந்திருந்தேன். என் பெயர் வரவில்லை. மணி பன்னிரண்டரை. டவாலி ஒரு பெயரைக் கூப்பிட்டார். எங்கோ கேட்ட பெயராக இருந்தது.

அது என் அப்பாவின் பெயர்.

எப்படி என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். எங்கோ ஒரு விண்ணப்பத்தில் தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள், விரித்தேன். அது ஆர்.சி. புத்தகத்துக்குப் போயிற்று, அங்கிருந்து சலானுக்குப் போயிற்று, அங்கிருந்து பட்டியலுக்கு. பட்டியலில் கட்டம் சிறியது. முன்னால் நின்ற அப்பா கட்டத்துக்குள் இருந்தார். பின்னால் நின்ற நான் அறுந்துவிட்டேன்.

அப்பெயரை இங்கே தருவது முறையன்று. பெயர் நிற்கும் இடத்தில் ‘அப்பா’ என்றே எழுதுகிறேன். வாசகர் மாத்திரையை மட்டும் கவனிக்க.

‘அப்பா.’ இது முதல் விளி. யாரும் எழவில்லை. நானும் எழவில்லை. அவர் போய்ச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டு.

‘அப்பாஅஅஅ.’ இரண்டாம் விளி. டவாலி வாசற்படிக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு மோட்டார் வண்டி ஓட்டத் தெரியாது. அவரிடம் இருந்தது சைக்கிள். எழுபதுகளில் ஒரு மாலை, முன்னால் பாரில் என்னை உட்கார வைத்து, டைனமோ எரியாமல், இருட்டோடு வந்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர் பிடித்தார். விளக்கில்லாதது ஒன்று, டபுள்ஸ் ஒன்று. அக்காலத்தில் வழக்கமாகக் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். அன்று என்னவோ ஃபைன் எழுதிவிட்டார்கள். அப்பா மறுக்கவில்லை, கெஞ்சவுமில்லை, மாமா யாரையும் சொல்லவில்லை. கட்டினார். ரசீதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் மாறியது. ரசீது அடுத்த பஞ்சாங்கத்துக்கு இடம் மாறியது. யாராவது, எப்போதாவது, வந்து கேட்பார்கள் என்று நினைத்திருந்தார் போலும்.

‘அப்பாஅஅஅஅ.’

மூன்றாம் விளி வராந்தாவைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, டீக்கடைப் பக்கம் போயிற்று. தட்டச்சுச் சத்தம் நின்றதுபோல இருந்தது. விரலை நொடிக்க மறந்துவிட்டேன். ஆகவே இதன் மாத்திரை அளவு இவ்வாய்வில் இடம்பெறவில்லை. தரவுக் குறைபாட்டுக்கு ஆய்வாளனே பொறுப்பு.

எழுந்து ‘ஆஜர்’ என்றேன்.

7. வழக்குரை காதை

நடுவர் ஓர் இளம்பெண்மணி. கட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

‘ஒத்துக்கறீங்களா?’

‘மேடம், நான் அவர் இல்ல. அவரு எங்கப்பா.’

‘அப்போ அவர் எங்க?’

‘காலமாயிட்டாரு மேடம்.’

இப்போது கண்ணை எடுத்தார். ‘எப்போ?’

‘தொண்ணூத்தெட்டுல.’

‘தொண்ணூத்தெட்டுல இறந்தவர் போன ஆகஸ்டுல ஹெல்மெட் இல்லாம போனாரா?’

ஏட்டையா கட்டைப் புரட்டினார். இறந்தவருக்காக, வக்கீலாக இல்லாத மகன், வக்காலத்தில்லாமல் ஆஜராகலாமா என்ற கேள்வி என் மனத்தில் எழுந்தது; அதற்கு நான் பக்கம் ஒதுக்கியிருக்கவில்லை. ‘மேடம், உண்மையில் வழக்கு என் மேலதான். இது தொடர்பா ஒரு முப்பத்தாறு பக்க…’ என்று தொடங்கிக் கட்டை நீட்டினேன். ‘சேறுண்ட எட்டு’ என்ற தலைப்பு மேலே தெரிந்தது. அவர் அதை வாங்கவில்லை. அடியிலிருந்த படத்தை மட்டும் உருவிப் பார்த்தார்.

‘உங்க வண்டி என்ன?’

‘மொபெட் மேடம். தண்ணிக்கேன் வைக்கிற…’

‘இது ஸ்கூட்டர். கடைசி நம்பர் எட்டுதானே?’ என்று ஏட்டையாவிடம் காட்டினார்.

ஏட்டையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். ‘எட்டு மாதிரிதான் இருக்கு மேடம்.’

‘மாதிரி என்ன? எட்டு.’

ஏதோ எழுதினார். ‘போலாம்’ என்றார். டவாலி அடுத்த பெயருக்கு வாயைத் திறந்துவிட்டார்.

ஒன்பது பக்கத்தில் நான் நிறுவியதை அவர் ஒரு பார்வையில் முடித்தார். மூன்றுக்கு முதுகு கிடையாது என்பதைச் சொல்லக்கூட வாய்க்கவில்லை. சென்ற ஆண்டு பன்னாட்டுக் கருத்தரங்கம் ஒன்றில் கட்டுரை வாசித்தேன். மலேசியாவிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வந்திருந்ததால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். அங்கும் எனக்குக் கொடுத்தது இரண்டு நிமிடம்தான்; அங்கும் யாரும் படிக்கவில்லை. ஆனால் அங்கே பதிவுக் கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு. இங்கே அதுவுமில்லை, ஒரு பை, ஒரு சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதுதான் குறை.

வெளியே வந்து செய்தியைச் சொன்னபோது டீக்கடையார் காசு வாங்க மறுத்தார். ஜெராக்ஸ் கடையம்மையார் மட்டும், ‘ஆர்டர் காப்பி எடுத்து வச்சுக்குங்க சார். வாயால சொன்னது வாசப்படி தாண்டாது’ என்றார் (அம்மையார் உரை, இதற்குக் கட்டணம் வாங்கவில்லை).

8. மேலாய்வுக்கு உரிய களங்கள்

நகலுக்கு விண்ணப்பித்து மூன்று வாரத்தில் வந்தது. ‘எதிரி’ என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முழுசாக, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது. ‘விடுவிக்கப்பட்டார்’ என்றிருக்கிறது. அதை மடித்து இந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில், பழைய ரசீதோடு சேர்த்து வைத்தேன்.

என் பெயர் அதில் எங்குமில்லை. இணையத்தில் போய்ப் பார்த்தேன். அதே படம், அதே அம்மாள், அதே குக்கர். என் வண்டி எண்ணுக்கு நேரே ஆயிரம் ரூபாய் நிலுவை. கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்.